அலிகாந்தேயில் முதல் கோடை: சான் ஹுவான் இரவு, தெருச் சாப்பாடு, பன்னிரண்டு பேருக்குப் பயேயா

புதுவரவு:
வணக்கம். ஸ்பெயினின் அலிகாந்தே நகரில், பிளாயா தே சான் ஹுவான் கடற்கரைப் பகுதியில் புதிதாகக் குடியிருக்கிறோம். நான், மனைவி, 5 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மனைவி சைவம், முட்டை பால் சாப்பிடுவார். பள்ளி ஜூன் மூன்றாம் வாரத்தோடு முடிகிறது. எதிர்வீட்டு ஸ்பானியக் குடும்பம் ஜூன் 23 இரவு கடற்கரைக்கும், மறுநாள் தெருவில் போடும் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறது. பதிலுக்கு ஜூலையில் ஒரு ஞாயிறு அவர்களையும் அவர்கள் உறவுகளையும் அழைத்துப் பயேயா (அகலச் சட்டியில் செய்யும் ஸ்பானிய அரிசி உணவு) செய்து போட நினைக்கிறோம், மொத்தம் பன்னிரண்டு பேர். வேடிக்கை பார்க்கிறவர்களாக ஒதுங்கி நிற்காமல் ஒழுங்காகக் கலந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் "சான் ஹுவான்" என்றால் இரண்டு தனித்தனி விஷயம். ஒன்று ஜூன் 23 இரவு. ஸ்பெயின் கடற்கரை முழுக்க மக்கள் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, நள்ளிரவில் அலை தாண்டுவார்கள். இன்னொன்று ஓகேராஸ். இது அலிகாந்தே நகரத்தின் சொந்தத் திருவிழா, 1928இல் தொடங்கியது. ஜூன் 20 முதல் 24 வரை பேட்டைக்குப் பேட்டை மரமும் அட்டையும் தெர்மோகோலும் சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டமான கேலிப் பொம்மைக் கோபுரங்கள் நிற்கும். அவை எரிவது 23 இரவில் அல்ல, 24 நள்ளிரவில். அதற்குப் பெயர் கிரெமா. இதைத் தவறவிடும் புதுக் குடும்பங்கள் நிறைய. 23 இரவு கடற்கரையில் விடிய விடிய இருந்துவிட்டு, 24 மாலை பிள்ளைகள் சோர்ந்து தூங்கிவிடுவார்கள், எரியும் நேரத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

எனவே திட்டம் இப்படி: 23 இரவு 1 மணிக்குள் வீடு. 24 மதியச் சாப்பாடு முடிந்ததும் 4 முதல் 7 வரை பெரியவர்கள் உட்பட எல்லாரும் தூக்கம். அந்த வாரத்தில் இருட்டுவதற்கே இரவு 10 ஆகும். ஊரே மதியம் 2.30க்குச் சாப்பிட்டு இரவு 10க்கு மேல் மறுபடி சாப்பிடுகிறது. 7.30க்குப் பிள்ளைகளுக்கு ஊட்டிப் படுக்கவைக்கும் வீட்டுக்கு இந்த ஐந்து நாளும் பொருந்தாது. நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் கலந்துகொள்வதன் முதல் படி.

மணல்வீடு:
23 இரவு பற்றி நான் சொல்கிறேன்.

கடற்கரையில் நெருப்பு மூட்டலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். லா கொருன்யாவில் ரியாசோர், ஓர்சான் கடற்கரைகள் முழுக்கத் தீ எரியும், அந்த ஊருக்கு அதுவே பெருமை. பார்சலோனா கடற்கரையில் நெருப்புக்கு அனுமதி இல்லை. உங்கள் நகராட்சி அந்தந்த ஆண்டு வெளியிடும் அறிவிப்புக்கு "பாந்தோ" என்று பெயர். ஜூன் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நகராட்சி வலைத்தளத்தில் வரும். எந்தக் கடற்கரை, எத்தனை மணி முதல் எத்தனை வரை, விறகு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். போன ஆண்டு நடந்தது இந்த ஆண்டும் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கூடாரம் அடிப்பதும் இரவு தங்குவதும் கடற்கரையில் எப்போதுமே தடை.

நெருப்பு அனுமதி உள்ள இடத்துக்குப் போனால் கவனிக்க வேண்டியவை. விறகு காய்ந்ததாக, வர்ணம் பூசாததாக இருக்கட்டும். பழைய நாற்காலி, சரக்குப் பலகை எரித்தால் ஆணிகள் மணலிலேயே தங்கிவிடும். அடுத்த நாள் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் காலில் ஏறுவது அந்த ஆணிதான். முழங்கால் ஆழக் குழி வேண்டாம், ஒரு சாண் போதும். சுற்றிலும் மூன்று மீட்டர் காலியாக இருக்கட்டும்.

மிக முக்கியமானது அணைக்கும் விதம். பலரும் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது ஆபத்து. மணல் மூடினால் கங்கு அணையாது, மூச்சடங்கி உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் சுத்தமான மணல். ஒருவர் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், உள்ளங்கால் வெந்துவிடும். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டிப் பாருங்கள். சூடு அடிக்கவில்லை என்றால் மட்டும் கிளம்புங்கள். ஐந்து வாளி போதும் என்று நினைத்தால் பத்து ஊற்றுங்கள்.

உங்களுடையது அணைந்துவிட்டாலும் பக்கத்துக் கும்பலுடையது எப்படி அணைந்ததென்று தெரியாது. அதனால் அந்த இரவும் மறுநாள் காலையும் பிள்ளைகள் காலில் செருப்பு இருக்க வேண்டும்.

புதுவரவு:
அலை தாண்டுவது, நெருப்பு தாண்டுவது எப்படி? பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

மணல்வீடு:
நள்ளிரவில் கடலில் கணுக்கால் முதல் முழங்கால் அளவு நின்று ஏழு அலை தாண்டுவார்கள். சிலர் ஒன்பது என்பார்கள். கூட இருப்பவர்கள் எண்ணுவதையே நீங்களும் எண்ணுங்கள். அதற்கு முன் வேண்டாத விஷயங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி நெருப்பில் போடுவார்கள். மாலகா பக்கம் "ஹுவாஸ்" என்று துணிப் பொம்மை செய்து எரிப்பார்கள். நெருப்பு தாண்டுவது பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், மூன்று முறை என்பது வழக்கம். சுடர் அடங்கி முழங்காலுக்குக் கீழே வந்த பிறகு, எல்லாரும் ஒரே திசையிலிருந்து, ஒருவர் இறங்கி நகர்ந்த பின்தான் அடுத்தவர். எதிரெதிராக ஓடி நடுவில் மோதிக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. பருத்தி உடை. நைலான், பாலியெஸ்டர், நீளப் பாவாடை, துப்பட்டா வேண்டாம்.

பதினொரு வயதுப் பிள்ளை கங்கின் ஓரத்தில், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டலாம்.

வடகரை:
நான் இதை ஏற்கவில்லை. பதினொரு வயதானாலும் அந்தக் கூட்டத்தில், இருட்டில், குடித்தவர்கள் நடுவில் நெருப்பு தாண்ட விடக்கூடாது. அலை போதும், சீட்டு எரிப்பது போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அலையும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் போகாத இடத்தில், இரு கையும் இருவர் பிடித்தபடி. இரவில் உயிர்காப்பாளர் பணியில் இருக்க மாட்டார், பகலில் என்ன கொடி பறந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு பறந்த நாள் என்றால் கரையில் நின்றபடியே ஈரம் தொட்டு வந்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மணல்வீடு:
கூட்டம் அதிகமுள்ள இடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. குடும்பங்கள் மட்டும் உட்காரும் ஓரமாக இருந்தால் என் கருத்து அப்படியே.

பெனாகாந்தில்:
ஓகேராஸ் பக்கம் நான் எழுதுகிறேன்.

மஸ்கிளெத்தா தினமும் மதியம் 2 மணிக்கு லுசேரோஸ் சதுக்கத்தில் நடக்கும். இது வாணவேடிக்கை அல்ல, பகலில் வெடிப்பது. கண்ணுக்கு அல்ல, உடம்புக்கு. கயிற்றில் வரிசையாகத் தொங்கும் வெடிகள் மெதுவாகத் தாளம் பிடித்து, வேகம் கூடி, கடைசி அரை நிமிடம் தரையே அதிரும். மொத்தம் ஐந்து முதல் ஏழு நிமிடம். உச்சத்தில் 120 டெசிபெல்லை ஒட்டிப் போகும். ஐந்து வயதுக் காதுக்குப் பஞ்சு போதாது. கட்டிடத் தொழிலாளர் போடும் வகைக் காதுமூடி, சின்ன அளவில், வாங்கிவிடுங்கள். வேலியிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பக்கவாட்டுத் தெருவின் நிழலில் நில்லுங்கள். கண்ணாடிச் சன்னல், கடைக் காட்சிப்பெட்டி அருகே வேண்டாம். பெரியவர்கள் கடைசிக் கட்டத்தில் வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்வார்கள், காதடைப்பு குறையும் என்று. வீட்டில் நாய் இருந்தால் அந்த நேரத்தில் உள்ளறையில், சன்னல் சாத்தி, யாராவது கூட இருக்கட்டும்.

உங்கள் பகுதியிலிருந்து 4ஆம் எண் டிராம் நேராக லுசேரோஸ் வருகிறது. ஆனால் சதுக்கம் அந்த நிலையத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது, 1.30க்கு மேல் படிக்கட்டில் நகர முடியாது. ஒரு நிறுத்தம் முன்னால் மெர்காதோவில் இறங்கி நடங்கள். திரும்பும்போதும் அங்கேயே ஏறுங்கள். திருவிழா நாட்களில் இரவுச் சேவை நீட்டிக்கப்படும், அட்டவணையை அந்த வாரத்தில் பாருங்கள்.

கிரெமா: 24 நள்ளிரவு சாந்தா பார்பரா கோட்டை நிற்கும் பெனாகாந்தில் குன்றிலிருந்து "பால்மேரா" வெடிக்கும், வானத்தில் வெள்ளைப் பனைமரம் விரிந்தது போல. அதுவே சைகை. நகராட்சிச் சதுக்கத்தில் உள்ள கோபுரம் முதலில் எரியும். பிறகு தீயணைப்பு வண்டிகள் ஒவ்வொரு பேட்டையாகப் போகும், வண்டி வந்தால்தான் அந்தப் பேட்டைக் கோபுரத்துக்குத் தீ. எனவே நகராட்சிச் சதுக்கத்தில் நசுங்க வேண்டியதில்லை. உங்கள் பேட்டைக் கோபுரம் எத்தனை மணிக்கு என்று சங்கத்தாரிடம் கேட்டால் ஒரு மணி, இரண்டு மணி என்று உத்தேசமாகச் சொல்வார்கள். சின்னக் கோபுரத்தின் முன் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தலாம்.

தீ ஏறியதும் கூட்டம் தீயணைப்பு வீரர்களைப் பார்த்துத் தண்ணீர் கேட்டுக் கத்தும். அவர்கள் குழாயைத் திருப்பி எல்லாரையும் நனைப்பார்கள். அதற்குப் பெயர் பன்யா. ஐந்து நாள் புழுக்கத்துக்கும் வெடிப்புகைக்கும் பிறகு அந்தத் தண்ணீர் மேலே விழும்போது கிடைக்கும் ஆனந்தம் சொல்லில் வராது, அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். கைபேசி, கார் சாவி, பணப்பை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில். காலில் பட்டை வைத்த செருப்பு, ஈரத்தில் தரை வழுக்கும். மாற்றுச் சட்டை ஒன்று. ஒன்று மட்டும் கவனம்: தெர்மோகோல் எரியும் புகை கரேலென்று வரும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இளைப்பு உள்ள பிள்ளை என்றால் இரண்டு தெரு தள்ளி.

பட்டாசு வாங்கினால் பெட்டியில் எஃப்1, எஃப்2, எஃப்3 என்று இருக்கும். எஃப்1 12 வயது நிரம்பியவருக்கு, எஃப்2 16, எஃப்3 18. உங்கள் மூத்த பிள்ளைக்கு எஃப்1 கூட இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பத்து வயதுக்காரன் கையில் என்ன இருந்தாலும் உங்கள் பிள்ளை கையில் வேண்டாம்.

புதுவரவு:
மிக்க நன்றி. 24 மதியம் கூப்பிட்டிருப்பது "ராகோ"வுக்கு என்றார்கள். அது என்ன? வெறுங்கையோடு போகலாமா?

உப்புக்காற்று:
ஒவ்வொரு பேட்டைச் சங்கமும் தெருவின் ஒரு பகுதியை அடைத்து, நீள மேசைகள் போட்டு, இசைமேடை வைக்கும். அதுவே ராகோ. உறுப்பினர்களும் அவர்கள் அழைத்தவர்களும் உட்காருவார்கள், சில ராகோக்கள் எல்லாருக்கும் திறந்திருக்கும். பர்ராக்கா என்பது கூரையும் வேலியும் காவலாளும் உள்ளது, அங்கே கைப்பட்டை இல்லாமல் நுழைய முடியாது. நீங்கள் போவது எது என்று முன்கூட்டியே கேட்டு, எத்தனை இருக்கை என்று சொல்லிவிடுங்கள். மேசை எண்ணித்தான் போடுவார்கள். நால்வர் என்று சொல்லிவிட்டு ஊரிலிருந்து வந்த மாமாவோடு ஐவராகப் போனால் அவர்களுக்கு இருக்கை திண்டாட்டம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். "என்ன கொண்டுவரட்டும்" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வாரத்துக்கென்று ஒரு உணவு இருக்கிறது: கோகா அம்ப் தொன்யீனா. மாவுக்கு நடுவில் வதக்கிய வெங்காயமும் உப்பிட்ட சூரை மீனும் பைன் பருப்பும் வைத்துச் சுட்டது, சோம்பு வாசம் லேசாக வரும். அடுமனையில் இரண்டு மூன்று நாள் முன்னே சொல்லிவைக்க வேண்டும், 24 காலையில் போய் நின்றால் தீர்ந்திருக்கும். கூடவே பிரேவாஸ், அத்திமரத்தின் முதல் ஈட்டுப் பழம், ஜூனில்தான் வரும். ஒரு தட்டு பிரேவாஸ் எடுத்துப் போனாலே மேசையில் உங்களுக்கு இடம் உறுதி. அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள், தோல் சன்னமாக வெடித்து, காம்படியில் ஒரு துளி தேன் நிற்பதாகப் பாருங்கள்.

பணம்: குழுவாகச் செலவு செய்யும்போது "போத்தே" என்று பொது உண்டியல் போடுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சொன்னவுடன் கொடுத்துவிட வேண்டும், பிறகு கணக்குப் பார்ப்பது வழக்கமில்லை. இப்போது பெரும்பாலும் கைபேசியில் பணம் அனுப்பும் பிசும் வழியாக. அதற்கு ஸ்பானிய வங்கிக் கணக்கு வேண்டும், இன்னும் வெளிநாட்டுக் கணக்குதான் என்றால் சில்லறை கையில் இருக்கட்டும். பிறந்தநாள் வேறு மாதிரி: வெளியே போனால் பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் வாங்கித் தருவார். பள்ளி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே பரிசு வாங்குவார்கள். தனியாக இன்னொரு பெரிய பரிசு எடுத்துப் போனால் மற்றவர்களுக்குச் சங்கடம்.

சமையற்கட்டு:
சைவ விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "சின் கார்னே", அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேட்டால் சூரை மீனும், ஹாமோன் என்ற உப்பிட்ட பன்றித்தொடையும் வந்து நிற்கும். உள்ளூர்ப் பேச்சில் "கார்னே" என்றால் இறைச்சித் துண்டு. பன்றித் தொடையைப் பொடியாக நறுக்கித் தூவுவதை அந்தக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. எனவே நான்கையும் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன், சின் கால்தோ தே போயோ. கடைசியது கோழிச் சாறு, காய்கறி அரிசியில் ஒளிந்திருக்கும்.

நம்பி எடுக்கக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, பச்சை மிளகாய் போலிருக்கும் பிமியென்தோஸ் தே பத்ரோன் வறுவல், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சூப். ஆனால் அலிகாந்தே மாவட்டத்தின் உள்பகுதியில் வெறும் "கஸ்பாச்சோஸ்" என்று சொன்னால் முயல் இறைச்சியில் அப்பத் துண்டுகள் ஊறிய குழம்பு வரும். பெயர் ஒன்றுதான், தொடர்பே இல்லை. ஸால்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளிச் சூப் மேல் ஹாமோன் தூவுவார்கள், என்ஸலாதியா ருசா என்ற சாலட்டில் உருளைக்கிழங்கோடு சூரை கலந்திருக்கும். உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்த்தியா எங்கும் கிடைக்கும், உங்கள் மனைவிக்கு அதுதான் துணை.

புதுவரவு:
இனி பயேயா. பன்னிரண்டு பேர். அளவுகளோடு வேண்டும்.

சமையற்கட்டு:
பாத்திரம் முதலில். கடையில் 46 செ.மீ. சட்டியில் "12 பேர்" என்று எழுதியிருக்கும். அதை நம்பினால் அரிசி தடிமனாக நிற்கும், அடி கருகி மேல் வேகாது. 55 செ.மீ. எடுங்கள். அரிசி ஒரு விரல் தடிமனுக்கு மேல் போகக்கூடாது, பயேயாவின் ருசி அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. இரும்புச் சட்டி என்றால் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் துரு. அடுப்பு 50 செ.மீ. வளைய எரிவாயு அடுப்பு, மூன்று வளையம் இருந்தால் நல்லது, முக்காலியோடு. ஆரஞ்சு நிற 12.5 கிலோ சிலிண்டர் போதும். இதை மூடிய பால்கனியில் பற்றவைக்காதீர்கள், திறந்த வெளியில் மட்டும்.

சட்டியை வைத்ததும் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் ஓரமாக ஓடினால் முக்காலி சாய்ந்திருக்கிறது, மரத்துண்டு கொடுத்துச் சமன் செய்யுங்கள். சாய்வாக வைத்தால் ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் வறுத்த அரிசி. கடற்காற்று அடிக்கும் மாடியில் சுடர் ஒரு பக்கம் படுத்துவிடும், காற்று வரும் பக்கம் பலகை நிறுத்துங்கள்.

அளவு: அரிசி 1.2 கிலோ, ஆளுக்கு நூறு கிராம். எலும்போடு சின்னத் துண்டாக வெட்டிய கோழி 1.5 கிலோ, முயல் 1 கிலோ. முயல் வேண்டாமென்றால் கோழியையே கூட்டிக்கொள்ளுங்கள். தட்டைப் பச்சை பீன்ஸ் அரைக் கிலோ. கர்ரொஃபோ 300 கிராம், நம் ஊர் டபுள் பீன்ஸின் இனமேதான், உறையவைத்தது கிடைக்கும். துருவிய தக்காளி 300 கிராம். ஆலிவ் எண்ணெய் 200 மி.லி. காரமில்லாத பிமெந்தோன் (சிவப்பு மிளகாய்த்) தூள் ஒரு மேசைக்கரண்டி. குங்குமப்பூ ஒரு கிராமுக்குள். ரோஸ்மேரி ஒரு கிளை. வெங்காயம் சேர்க்காதீர்கள், நீர் விட்டு அரிசியைக் குழைக்கும்.

முதலில் எண்ணெயில் உப்பு தூவி இறைச்சியை மிதமான தீயில் அரை மணி நேரம் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டது, சாற்றின் நிறமும் ருசியும் இந்த வறுவலிலிருந்து வருகிறது, தனியாக மசாலா எதுவும் இல்லை. துண்டுகள் நாலு பக்கமும் செம்பழுப்பானதும் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பீன்ஸ், கர்ரொஃபோ வதக்கி, பிறகு தக்காளி. தக்காளி சுண்டி எண்ணெய் பிரிந்ததும் பிமெந்தோன் போட்டு இரண்டே கிளறல், உடனே தண்ணீர். தூள் பத்து விநாடி அதிகம் வறுபட்டால் கசந்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

தண்ணீர் ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். குங்குமப்பூ சேர்த்து அரை மணி கொதிக்கட்டும். வற்றி, கைப்பிடி பொருத்திய ஆணிகளின் மட்டத்துக்கு வரும்போது சுமார் மூன்றரை லிட்டர் சாறு இருக்கும். இப்போது ருசி பாருங்கள்: ஒரு சொட்டு உப்பு கூடுதலாகத் தெரிய வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும்.

இங்கே நம் கைப்பழக்கம் இரண்டை விட வேண்டும். அரிசியைக் கழுவக்கூடாது. போட்டுப் பரப்பிய பின் கிளறவே கூடாது. கிளறினால் மாவுச்சத்து வெளியேறிப் பொங்கல் ஆகிவிடும். பெருந்தீயில் 10 நிமிடம், அரிசி மேலே தலைகாட்டியதும் ரோஸ்மேரி வைத்துச் சிறுதீயில் 8 நிமிடம். கடைசி ஒன்றரை நிமிடம் தீயைக் கூட்டுங்கள், அடியில் சொக்கர்ராத் என்ற மொறுமொறுப்பான அடிப்பிடி பிடிக்க. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்: சாறு கொதிக்கும் களகளச் சத்தம் நின்று, மழைத்தூறல் ஓலையில் விழுவது போலச் சன்னமான படபடப்பு கேட்கும். வறுத்த வாசம் எழும். அங்கே நிறுத்துங்கள். கருகல் வாசம் வந்துவிட்டால் தாமதம். மேலே துணியோ செய்தித்தாளோ போட்டு ஐந்து நிமிடம் ஓய்வு.

உங்கள் மனைவிக்குத் தனிச் சட்டி, 30 செ.மீ., தனிக் கரண்டி. 300 கிராம் அரிசி போதும், பிள்ளைகளும் தொட்டுக்கொள்வார்கள். பீன்ஸ், கர்ரொஃபோ, சிவப்புக் குடமிளகாய், கத்தரிக்காய். கத்தரியை முதலில் நன்றாக வறுத்து எடுத்து வைத்து, அரிசி பாதி வெந்ததும் மேலே அடுக்குங்கள்.

வடகரை:
அரிசி வகை சொல்லவில்லையே. போம்பா வாங்கச் சொல்லுங்கள்.

சமையற்கட்டு:
முதல் முறை என்றால் போம்பாதான். இரண்டு மூன்று நிமிடம் தவறினாலும் தாங்கும், உடையாது. ஆனால் சாற்றின் ருசியை அதிகம் பிடிப்பது செனியா. அது குழைவதற்கு ஒரு நிமிடம் போதும், சாறும் சற்றுக் குறைவாக வேண்டும். கை பழகிய பின் செனியாவுக்குப் போகலாம். பைகளில் "அர்ரோஸ் தே வாலென்சியா" என்ற தோற்றச் சான்று முத்திரை பாருங்கள்.

உப்புக்காற்று:
இரண்டு சேர்க்கை. பயேயா மதிய உணவு, இரவில் கூப்பிடாதீர்கள். 2 மணிக்கு வரச் சொன்னால் 2.15க்கு வருவார்கள். சமைப்பதைச் சுற்றி நின்று பேசுவதுதான் விருந்தின் பாதி, எல்லாம் முடித்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அவர்கள் வந்தால் சரியாக இருக்கும். ஒலிவக்காய், உருளை வறுவல், குளிர்ந்த பானம் மட்டும் முன்னால்.

சட்டியை மேசை நடுவில் வைத்து, அவரவர் மரக்கரண்டியால் தன் முன்னாலுள்ள முக்கோணத்தில் உண்பது பழைய முறை, அடுத்தவர் எல்லைக்குள் போகக்கூடாது. தட்டில் போட்டாலும் தவறில்லை. சாப்பிட்டு முடித்து உடனே எழாதீர்கள், பாத்திரம் கழுவவும் ஓடாதீர்கள். ஸோப்ரமேசா என்று பழம், காபி, பேச்சு மாலை 6 வரை போகும். தர்ப்பூசணியும் முலாம்பழமும் வெட்டிக் குளிரவைத்திருங்கள். அடுக்குமாடி என்றால் பொது நீச்சல்குளத்துக்கு விருந்தினரை அழைத்துப் போகலாமா என்று குடியிருப்புச் சங்க விதியைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தக் கரையில் பிரிட்டிஷார், டச்சுக்காரர், நார்வேக்காரர் நிறைய. அல்ஃபாஸ் தெல் பீ ஊரில் நார்வே மக்கள் தங்கள் தேசிய நாளான மே 17ஐ ஊர்வலமாகக் கொண்டாடுகிறார்கள். வெளிநாட்டவர் வட்டம் உடனே கிடைக்கும், இதமாகவும் இருக்கும். ஆனால் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் பத்து ஆண்டு கழித்தும் கடைத்தெரு ஸ்பானியத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகளை நகராட்சியின் கோடைப் பள்ளியில் சேர்ப்பது நல்ல வழி. பதிவு வழக்கமாகக் கோடைக்கு முன்பே முடிந்துவிடும், அந்த ஊரில் குடியிருப்புப் பதிவான எம்பாத்ரோனமியென்தோ இருந்தால் முன்னுரிமை கிடைக்கும்.

கீரிமலை:
ஜூலையில வியாஹொயோசாவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. 24 முதல் 31 வரை மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ் விழா, மோரோஸ் எண்டால் முஸ்லிம் படை, மற்றது கிறிஸ்தவப் படை. 1538இல கடற்கொள்ளையர் வந்து தாக்கினதை நினைச்சுச் செய்யிறது. 28ஆம் திகதி விடியற்காலை கடலுக்குள்ளால வள்ளங்களில வந்து கரையில இறங்குவினம், வெடிமருந்துத் துவக்குச் சத்தம் காதைப் பிளக்கும், ஓகேராசுக்கு வாங்கின காதுமூடியை எடுத்துக்கொண்டு போங்கோ. காலையில மோரோஸ் கோட்டையைப் பிடிப்பினம், பின்னேரம் மற்றப் பக்கம் மீட்கும். 1ஆம் எண் டிராம் அந்த ஊருக்குப் போகுது. ஆனா விடியலுக்கு முதல் போய்ச் சேர வேணும் எண்டபடியால் காரில இரவே வெளிக்கிட்டு, ஊருக்கு வெளியில நிப்பாட்டி நடவுங்கோ. கடற்கரை மணலை விட மேல் நடைபாதையில நிண்டால் சின்னவருக்கும் வடிவாத் தெரியும். விடியேக்குள்ள குளிரும், ஒரு சால்வை வேணும்.

ஜூலை 16 கார்மென் மாதா நாள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊரெல்லாம் சுரூபத்தைப் படகில ஏத்திக் கடலுக்குள்ள கொண்டு போவினம். சத்தமில்லாத விழா, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிச்சம் நல்லது.

மணல்வீடு:
கடலில் இறங்கும் நாட்களுக்கு: சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், துண்டால் தேய்க்காதீர்கள். தோலில் ஒட்டிய கொட்டுச் செல்கள் மேலும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம். மணலில் புதைந்திருக்கும் பெஸ் அராஞ்யா என்ற விஷமீனின் முள் குத்தினால் நேர்மாறு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். பிள்ளை என்றால் உங்கள் கையை முதலில் வைத்துச் சூடு பாருங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் 112.

புதுவரவு:
எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆகஸ்டில் பக்கத்தில் ஏதாவது ஒன்று மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால்?

பெனாகாந்தில்:
எல்சே. ஆகஸ்ட் 13 இரவு, நித் தெ லால்பா. ஊர்க் குடும்பங்கள் தங்கள் மொட்டைமாடியிலிருந்து வாணம் விடுவார்கள், பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் விடுவது பழைய வழக்கம். நள்ளிரவில் விளக்குகள் அணையும். சாந்தா மரியா தேவாலயக் கோபுரத்திலிருந்து வெள்ளைப் பனை விரியும். அது முடிந்ததும் ஊரே தர்ப்பூசணி வெட்டும். யாராவது மாடிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள், நீங்கள் எடுத்துப் போக வேண்டியது ஒரு முழுத் தர்ப்பூசணியும் தலைக்குத் தொப்பியும். எரிந்து முடிந்த வாணத்தின் குச்சிகள் மேலிருந்து விழும், அதற்குத்தான் தொப்பி.

அடுத்த இரு நாளும் அதே தேவாலயத்துக்குள் மிஸ்தேரி நடக்கும். யுனெஸ்கோ 2001இல் அங்கீகரித்த பாட்டு நாடகம், பாடுவது முழுக்க ஆண்களும் சிறுவர்களும். கூரையிலிருந்து மாதுளை போன்ற கூண்டு திறந்து தேவதூதன் கயிற்றில் இறங்குவான். 14, 15 தேதிகளில் இலவசம் என்பதால் கூட்டம் அதிகம். பிள்ளைகளோடு என்றால் 11 முதல் 13 வரையிலான முழு ஒத்திகைக்குச் சீட்டு வாங்குங்கள், இருக்கை உறுதி. உள்ளே புழுக்கம் கடுமை, ஆளுக்கொரு கைவிசிறி வேண்டும். 15 தேசிய விடுமுறை, கடைகள் மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் 14 காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.